சிரமதானம் என்ற சொல்லும் தேத்தண்ணி வைத்த கைகளும்

இலங்கையின் வடக்கே வன்னியில் “ஞாயிறு சிரமதானம்” என்று யாராவது சொன்னால் மேலே விளக்கம் வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்கு மண்வெட்டி, கத்தி, கடகம் என்று ஏதாவது ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கவேண்டும். குளக்கட்டில் பற்றை வெட்டுவதாக இருக்கலாம். பள்ளிக்கூட வளவைத் துப்புரவாக்குவதாக இருக்கலாம். மாரி தொடங்கிவிட்டால் டெங்குக்காகச் சிரட்டையும் பழைய ரயரும் பொறுக்குவதாக இருக்கலாம். மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். கூலி இல்லை. இடையில் தேத்தண்ணியும் பணிசும் வரும்.

இந்தச் சொல்லைச் சென்னையில் இருக்கும் தோழி ஒருத்திக்கு எழுதியபோது, “சிரமப்பட்டுக் கொடுக்கும் தானமா?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் இந்தச் சொல் அதிகம் புழங்குவதில்லை. கல்லூரியில் படித்தவர்களுக்கு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் விளங்கும், அவ்வளவுதான். அவளுக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

சிரமதானம் வடசொல். ‘ச்ரம’, ‘தான’ என்ற இரண்டும் சேர்ந்தது. முதற்சொல்லின் வேருக்குக் களைத்துப்போதல், களைக்கும்வரை முயலுதல் என்று பொருள். ஆசிரமம் வந்தது அந்த வேரிலிருந்துதான். சிரமணர் என்ற பெயரும் அதிலிருந்து வந்து, தமிழில் சமணர் ஆயிற்று. தவத்தில் உடலை வருத்தி முயன்றவர்கள் என்பது கருத்து. தமிழில் ஆயுதப் பயிற்சிக்கும் ஒரு காலத்தில் சிரமம் என்ற பெயர் இருந்தது. பயிற்சிக்கூடத்தைச் சிரமச்சாலை என்றார்கள். அப்புறம் முயற்சி என்ற பொருள் தேய்ந்து தொல்லை என்பது மட்டும் மிஞ்சிவிட்டது. “உங்களுக்குச் சிரமம் தந்துவிட்டேன்” என்கிறோமே, அதுதான். சிங்களத்தில் அப்படி ஆகவில்லை. அங்கே ‘ஸ்ரமய’ இன்றும் உழைப்புத்தான். ஆகவே சிரமதானத்தின் நேர்ப்பொருள், உழைப்பைக் கொடையாகத் தருதல்.

விநோபா பாவே 1951இல் பூதான இயக்கத்தைத் தொடங்கி நிலத்தைத் தானமாகக் கேட்டார். கொடுக்க நிலமில்லாதவரிடமும் உழைப்பு இருந்தது. அந்த ஆண்டுகளில் பூதானத்துக்குப் பக்கத்திலேயே சிரமதானம் என்ற சொல்லும் இந்தியாவில் ஊர் ஊராக நடந்தது. இலங்கையில் அதை வேரூன்ற வைத்தது சர்வோதய இயக்கம். கொழும்பு நாலந்தா வித்தியாலயத்தில் ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன, 1958இல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு கனதொலுவ என்ற ஊருக்குப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களின் ஊர் அது. நகரத்துப் பிள்ளைகள் அங்கே தங்கி, அந்த மக்களோடு ஒன்றாக நின்று வேலை செய்தார்கள்.

இந்த இடத்தைத் தாண்டிப் போக எனக்கு மனம் வருவதில்லை. யாரோடு யார் ஒன்றாக நிற்கலாம், யார் கையிலிருந்து யார் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம் என்ற கட்டுப்பாடுகள் உள்ள ஒரு நாட்டில், மண் சுமந்துகொண்டே அவற்றைத் தாண்டியிருக்கிறார்கள். எத்தனை கிணறு வெட்டினார்கள் என்பதைவிட அதுதான் பெரிய வேலை. சொல் இந்த நாட்டில் வேரூன்றிய இடத்திலேயே சமத்துவமும் கூட இருந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்று கேட்கும் சமத்துவம் புதிதாக எங்கிருந்தோ இறக்கிய ஒன்று என்று சொல்பவர்களுக்கு நான் கனதொலுவவைத்தான் சொல்வேன்.

வன்னிக்கு வருவோம். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவை மையமாக வைத்து இயங்கிய காந்தியம் அமைப்பு, தமிழருக்கு எதிரான 1977 வன்செயலில் மலையகத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை இங்கே குடியமர்த்தியது. ஊர்களில் முன்பள்ளிகளைத் தொடங்கியது. ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து அவற்றை நடத்த வைத்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான மருத்துவர் இராசசுந்தரம் 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். பொதுவேலையில் இளம்பெண் முன்னுக்கு நிற்பது வன்னிக்கு அப்போதே பழக்கமானதுதான்.

2009இல் போர் முடிந்த பிறகு முகாம்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குக் காத்திருந்த முதல் வேலை பற்றை வெட்டுவதும் கிணறு இறைப்பதும். பல வளவுகளில் அதைச் செய்ய ஆண்கள் இல்லை. ‘பெண் தலைமைத்துவக் குடும்பம்’ என்ற சொற்றொடரைப் படிவங்களில் அடிக்கடி கண்டோம். கண்ணிவெடி அகற்றும் வேலைக்கும் வன்னிப் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். முகக்கவசத்தோடு வெயிலில் முழந்தாளில் இருந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணைச் சுரண்டிய கைகள் அவை. அவர்களின் பிள்ளைகள்தான் இப்போது இளைஞர் கழகத்துக்குத் தலைவியாகவும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளராகவும் நிற்கிறார்கள்.

ஆனாலும் சிரமதான அறிவித்தல் நீண்டகாலம் மாறவில்லை. “ஆண்கள் மண்வெட்டி, கத்தி கொண்டுவரவும். பெண்கள் விளக்குமாறு கொண்டுவரவும்.” தேத்தண்ணி யார் என்று எழுதுவதே இல்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் அது எப்படி மாறியது என்று சொல்கிறேன். அறுபது பேருக்குத் தேத்தண்ணியும் காலைச் சாப்பாடும் என்றால், விடிய நான்கு மணிக்கு எழும்பவேண்டும். தண்ணீர் அள்ளவேண்டும், விறகு கொத்தவேண்டும், இருபது தேங்காயாவது திருவவேண்டும். குளக்கட்டில் ஆட்கள் கூடுவதற்கு முன்பே இங்கே மூன்று மணித்தியால வேலை நடந்து முடிந்திருக்கும். ஆனால் வருகைப் பதிவுக் கொப்பி குளக்கட்டில்தான் இருக்கும். கையெழுத்து வைத்தவர்கள்தான் சிரமதானத்துக்கு வந்தவர்கள். அடுப்படியில் நின்ற அக்காமாரும் அம்மாமாரும் எந்தக் கொப்பியிலும் இல்லை. ஆண்டு முடிவில் பொதுக்கூட்டத்தில், “பெண்களின் பங்களிப்புக் காணாது” என்று அந்தக் கொப்பியைக் காட்டியே ஒருவர் பேசினார். எனக்கு முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவரின் புறங்கையில் அடுப்புச் சுட்ட தழும்பு இருந்தது. அவர் அந்தக் கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்தது நான் மட்டுமில்லை. அடுத்த தடவை, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த நான்கைந்து தங்கச்சிமார் கொப்பியைத் தூக்கிக்கொண்டு முதலில் அடுப்படிக்கு வந்தார்கள். “அம்மா, முதல் கையெழுத்து நீங்கள் வையுங்கோ.” அவ்வளவுதான் செய்தார்கள். அதற்கடுத்த தடவை அறிவித்தலைத் தாங்களே எழுதினார்கள். தேத்தண்ணிக்கு யார், திருவுவதற்கு யார், கத்திக்கு யார் என்று எல்லாவற்றுக்கும் பெயரும் நேரமும் போட்டார்கள். தேத்தண்ணிக்கு மூன்று அண்ணைமாரின் பெயர் இருந்தது. “உதென்ன பிள்ளையள், ஆம்பிளையளைக் குசினிக்கை விடுறியள்?” என்று ஐயா ஒருவர் கேட்டார். “ஐயா, குசினியிலையும் சிரமதானம்தானே நடக்குது” என்றாள் ஒருத்தி. குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஐயா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஓம், அதுவும் சரிதான்” என்றார்.

வேலையைத் தெரிவு செய்வதிலும் வித்தியாசம் வந்தது. முன்பெல்லாம் விளையாட்டு மைதானமும் கோயில் வீதியும்தான். இந்தப் பிள்ளைகள் முதலில் எடுத்தது பஸ் நிற்கும் சந்தியிலிருந்து ஊருக்குள் வரும் பாதையோரப் பற்றையை. மாலை ரியூசன் முடிந்து பெண்பிள்ளைகள் சைக்கிளில் வரும் பாதை அது. பயத்தில் படிப்பையே நிறுத்திய பிள்ளை எங்கள் ஊரில் இருக்கிறாள். அந்தப் பற்றை வெட்டப்பட வேண்டியது என்று, அதனூடாகப் பயந்து வந்தவளுக்குத்தான் தெரியும். உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடங்கள் என்று 2016இல் சட்டம் வந்து, 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறையானதே, அதன் காரணத்தை எனக்கு அந்தப் பாதை விளக்கியதுபோல் எந்தக் கருத்தரங்கும் விளக்கவில்லை.

சரி, சொல்லுக்குத் திரும்புவோம். கூலியில்லாத உழைப்புக்குத் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் வரும் ‘வெட்டி’ அப்படியொன்று; ஊதியமின்றிக் கட்டாயமாகச் செய்யவேண்டிய வேலை. அமஞ்சி என்பதும் அதுதான். இலங்கையில் 1832இல் ஒழிக்கப்பட்ட இராசகாரியமும் அந்த வகைதான். இவற்றில் கேட்டவருக்கு மறுப்புச் சொல்ல முடியாது. தானம் அப்படியல்ல. கொடுக்காமல் இருக்கும் உரிமை உள்ளவர் கொடுத்தால்தான் அது தானம். எழுதாத அறிவித்தலின்படி விடிய நான்கு மணிக்கு எழும்பிய அம்மாமார் செய்தது, இந்தக் கணக்கில் பார்த்தால், வெட்டிக்குக் கிட்டத்தான் நிற்கிறது. கேட்டு, பெயர் எழுதி, கையெழுத்து வாங்கிய அன்றுதான் அது தானம் ஆயிற்று.

தொண்டு என்று சொல்லலாமே என்பார்கள். அந்தச் சொல்லுக்கு அடிமைத்திறம் என்ற பொருளும் உண்டு; இறைவனுக்கு அடிமை என்ற வழியில் உயர்ந்தது. அதன் நிழல் இன்னும் போகவில்லை. வன்னியில் ‘தொண்டர் ஆசிரியை’ என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் நியமனத்துக்குக் காத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழில் உழைப்புக்கொடை, உழைப்பீகை என்று ஆக்கலாம். இலக்கணம் இடம் கொடுக்கும். ஆனால் இங்கே தொல்காப்பியம் ஒரு நுட்பம் சொல்கிறது. ஈ, தா, கொடு ஆகிய மூன்றும் ஒன்றைக் கேட்கும் சொற்கள். ‘ஈ’ என்பது தாழ்ந்தவர் கேட்பது, ‘கொடு’ என்பது உயர்ந்தவர் கேட்பது. நடுவில் உள்ளதைப் பற்றி, “தாவென் கிளவி ஒப்போன் கூற்றே” என்கிறது. ஒப்பானவர்கள் ஒருவரை ஒருவர் கேட்கும் சொல் ‘தா’. ஈகையும் கொடையும் மேல்கீழை உள்ளே வைத்திருக்க, ‘தா’ மட்டும் சமமாக நிற்கிறது. அதிலிருந்து பெயர்ச்சொல் எடுக்கலாம் என்றால், ‘தரவு’ இப்போது கணினிக்குப் போய்விட்டது. ஆகவே பெயராகக் ‘கூட்டுழைப்பு’ என்பதையும், வினையாக ‘உழைப்புத் தருதல்’ என்பதையும் நான் எடுப்பேன். கூட்டுழைப்பில் கொடை என்ற பொருள் நேராக இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பகுதியார் அடுப்படியில் மறைந்து நின்றால் அது கூட்டு ஆகாது என்று அந்தச் சொல்லே கேட்க வைக்கும்.

கூடவே வரும் இன்னொரு சொல். பயிற்சிப் பட்டறைகளில் ‘ஜெண்டர்’ என்று புழங்குவதற்கு இலங்கையில் பால்நிலை என்றும், தமிழ்நாட்டில் பாலினம் என்றும் எழுதுகிறார்கள். பால் என்றால் பகுப்பு, பக்கம். அறத்துப்பால் என்பதில் உள்ள அதே பால். நிலை என்பது எனக்குப் பிடிக்கும். பிறப்பில் வந்த பகுப்பையல்ல, அதன்மேல் ஊர் நிறுத்தி வைத்த நிலையைச் சுட்டுகிறது. நிறுத்தி வைத்ததை நகர்த்தலாம்.

இந்த மாரிக்குப் பிள்ளைகள் எழுதிய அறிவித்தல் சனசமூக நிலையச் சுவரில் ஒட்டியிருக்கிறது. மேலே பெரிதாகக் ‘கூட்டுழைப்பு’, கீழே வயதானவர்களுக்கு விளங்குவதற்காகச் ‘சிரமதானம்’. வாய்க்கால் துப்புரவு, காலை ஏழு மணி. அடுப்படி, காலை நான்கு மணி. இரண்டுக்கும் ஒரே கொப்பி.