ஜன்னலில் பிடித்த பிலிமில் புற்றுநோய் தெரியாது

வெள்ளவத்தையிலிருந்து போன வாரம் ஒரு மகன் வந்தார். அப்பாவின் புரொஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எம்.ஆர்.ஐ. பற்றிக் கேட்கவேண்டுமாம். பிலிம் எங்கே என்றால் கைபேசியை நீட்டுகிறார். வீட்டு ஜன்னலில் பிலிமைப் பிடித்து எடுத்த போட்டோ. சுரப்பிக்குக் குறுக்கே ஜன்னல் கம்பி, மூலையில் மின்விசிறியின் நிழல்.

"ஏஐயிட்டக் குடுத்துப் பாத்தனான் டொக்டர். கேன்சர் மாதிரித் தெரியேல்லையெண்டு சொல்லுது. பயொப்சி வேண்டாம்தானே?"

பயொப்சி என்றால் ஊசியால் சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது. இப்படிக் கேட்டு வந்தவர்களில் இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். முதல் மூன்று பேருக்கும் பொறுமையாகச் சொன்னேன். இனி எழுதித்தான் வைக்கவேண்டும்.

பிலிமில் இருப்பது இருபது முப்பது குட்டிப் படங்கள். ஸ்கேன் படங்களைப் படிக்கும் கதிரியல் வைத்தியர்களான நாங்கள் திரையில் பார்ப்பதோ பல நூறு. அதிலும் முக்கியமானது, நீர் மூலக்கூறுகளின் அசைவைக் காட்டும் படம். புற்றுக்கலங்கள் நெருக்கி அடைந்த இடத்தில் நீர் தாராளமாக அசைய முடியாது. அதன் அளவுப்படத்தில் அந்த இடம் கறுக்கும். அந்தக் கறுப்புக்கு ஓர் எண் உண்டு. அது சீடியிலுள்ள கோப்பில் இருக்கிறது. பிலிமில் இல்லை, பிலிமின் போட்டோவில் எங்கிருந்து வரும்? புரொஸ்டேட்டுக்கென்றே பழக்கிய மென்பொருள்கள் இந்த எண்களைத்தான் துண்டு துண்டாக, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திப் படிக்கின்றன. பிறந்தநாள் வாழ்த்து எழுதித் தரும் அதே செயலி அந்த வேலையைச் செய்வதில்லை.

நான் கணினிக்கு எதிரி என்று நினைக்கவேண்டாம். புரொஸ்டேட் புற்றைக் கண்டுபிடிக்கும் மென்பொருளைச் சோதித்து 2024இல் வெளிவந்த பை-காய் ஆய்வில் 400 பேரின் எம்.ஆர்.ஐ. படங்களை 62 கதிரியல் வைத்தியர்கள் பார்த்தார்கள். மென்பொருள் அவர்களை முந்தியது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால், நோயாளியின் விபரமெல்லாம் கையிலிருக்க ஆஸ்பத்திரிகளில் வழமையாக எழுதப்பட்ட ரிப்போர்ட்டுகளோடு ஒப்பிட்டபோது அது முந்தவில்லை. விபரம் அவ்வளவு முக்கியம். அதைத்தான் நீங்கள் வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள்.

அந்த மகன் மறுநாள் சீடியைக் கொண்டு வந்தார். உறையில் அடித்த ஸ்டேப்ளர் பின்னைக்கூடக் கழற்றவில்லை. பார்த்தால் இடப்பக்கம், பின்புற ஓரத்தில், 9 மில்லிமீற்றரில் ஒரு கறுப்புப் பொட்டு. பை-ராட்ஸ் 4. பயொப்சிக்கு நாள் குறித்தாயிற்று.

(இந்தப் பை-ராட்ஸ் இலக்கத்தைப் பார்த்து "நாலாம் ஸ்டேஜா டொக்டர்?" என்று அழுதவர்களும் உண்டு. இல்லை ஐயா. 1 முதல் 5 வரை, கவனிக்கவேண்டிய புற்று இருக்கக்கூடிய சாத்தியத்தைச் சொல்லும் இலக்கம் அது. நோய் எவ்வளவு பரவியது என்பது வேறு கணக்கு.)

இன்னொன்று, முறையை மாற்றாதீர்கள். முதலில் எம்.ஆர்.ஐ., பிறகு பயொப்சி. 2017இல் வந்த புரொமிஸ் ஆய்வில் 576 ஆண்களைப் பார்த்தார்கள். ஆபத்தான புற்றுகளில் 93 வீதத்தை எம்.ஆர்.ஐ. காட்டியது, அல்ட்ராசவுண்ட் வைத்து வழமைபோல ஊசி குத்தியதில் அகப்பட்டது 48 வீதம். பயொப்சியை முதலில் செய்துவிட்டு மறுவாரமே ஸ்கேனுக்கு ஓடி வந்தால் சுரப்பிக்குள் இரத்தம் தேங்கி நின்று எங்களைக் குழப்பும். குறைந்தது ஆறு வாரமாவது பொறுக்கவேண்டும்.

வரும்போது சீடி வேண்டும். "லப்டொப்பில சீடி போட இடமில்லை" என்பது உங்கள் பிரச்சினை, எங்களிடம் இருக்கிறது. பழைய ஸ்கேன்களும் வேண்டும். பேஸ்மேக்கர், செயற்கை இடுப்பு மூட்டு இருந்தால் நாள் குறிக்கும்போதே சொல்லுங்கள். காலையில் மலம் கழித்துவிட்டு வாருங்கள். குடலில் நிற்கும் காற்று அந்த நீரசைவுப் படத்தை நெளித்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தயவுசெய்து அப்பாவின் குளிசைகளையும் ஒருமுறை பாருங்கள். "அது சலம் போறதுக்கு எடுக்கிற குளிசை" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அது பினாஸ்டரைட்டோ டுட்டாஸ்டரைட்டோ என்றால், புரொஸ்டேட்டுக்காக இரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு ஆறு மாதமளவில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 3 என்று நிம்மதியாக இருப்பவருக்கு உண்மைக் கணக்கு 6 ஆக இருக்கலாம். குளிசை அட்டையையும் சீடியோடு ஒரே பைக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள்.