துருவை வேகவைத்தால் கருநீலம்

பழைய ஆங்கிலேய இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகளின் கருநீலத்துக்கு மூலப்பொருள் துருதான். குழலை வேண்டுமென்றே துருப்பிடிக்க வைத்து, கொதிநீரில் போட்டு, தேய்த்து, மறுபடியும் துருப்பிடிக்க வைப்பார்கள். இதற்கு ரஸ்ட் ப்ளூயிங் என்று பெயர்.

செந்துரு என்பது நீர் சேர்ந்த இரும்பு ஆக்சைடு. அது பொருபொருவென்று இருக்கும், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பை மேலும் அரிக்கும். அதைக் கொதிநீரில் அமிழ்த்தினால் நிலைமை மாறுகிறது. கொதிக்கும் நீரில் கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய இருக்காது. அடியில் இரும்போ ஏராளமாக இருக்கிறது. அந்தச் சூழலில் செந்துரு மேக்னடைட்டாக, அதாவது கருப்பான காந்த ஆக்சைடாக (Fe₃O₄) மாறுகிறது. இது உலோகத்தோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். கொதிக்க விடாமல் எண்ணெய் பூசி நிறுத்தினால் பழுப்பு நிறமே மிஞ்சும். மஸ்கட் எனப்படும் பழைய நீளத் துப்பாக்கிகள் பலவற்றின் குழல் நிறம் அதுதான்.

காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து 140 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கும் குளியல் வந்தபின் தொழிற்சாலைகள் இந்த மெதுவான முறையைக் கைவிட்டன. ஆனால் இரட்டைக்குழல்களுக்கு அந்தக் குளியல் ஆகாது. குழல்களை இணைக்கும் ஈயம்-வெள்ளீயப் பற்றவைப்பைக் காஸ்டிக் தின்றுவிடும். இணைப்பின் இடுக்கில் தங்கும் உப்பு பிறகு கசிந்து வரும். வெறும் தண்ணீருக்கு 100 டிகிரியில் அந்தப் பிரச்சினை இல்லை.

வேலையில் முக்கால் பங்கு பாலிஷில் முடிந்துவிடும். குண்டு இல்லை என்று உறுதிசெய்து, கழற்றி, 320 அல்லது 400 எண் உப்புத்தாள் வரை தேய்த்தால் போதும். கண்ணாடிபோல் மினுக்கினால் துருவேற்றும் கரைசல் பிடிக்காது. கீறலை இந்த நிறம் மறைக்காது, எடுத்துக்காட்டும். வரிசை எண் பொறித்த இடத்தில் உப்புத்தாளே படக்கூடாது. அதை அழிப்பது இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கும் அதே சட்டத்தில் உரிமம் கேட்கிறார்கள். உளி, வைஸ் திருகு போன்ற கருவிகளுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை, முறை ஒன்றேதான்.

அடுத்து எண்ணெய்ப்பசை நீக்கம். அசிட்டோனால் துடைத்தபின் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் முழுப்பரப்பிலும் படலமாக நிற்க வேண்டும். எங்காவது முத்து முத்தாக ஒதுங்கினால் அங்கே பசை இருக்கிறது, அங்கே துரு பிடிக்காது. இதன்பின் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். குழலின் உட்புறம் துருவேறாமல் இருக்க ஷெல்லாக் என்னும் அரக்கு வார்னிஷ் பூசி, இரு முனையிலும் மரத்தக்கை அடித்தால் அதுவே கைப்பிடியாகும்.

கடையில் கிடைக்கும் ரஸ்ட் ப்ளூயிங் கரைசல்களே நம்பகமானவை. பழைய குறிப்புகளில் வரும் மெர்குரிக் குளோரைடு கொடிய நஞ்சு, தொடவே வேண்டாம். 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு அரை லிட்டர், வெள்ளை வினிகர் 60 மில்லி, உப்பு ஒன்றரை தேக்கரண்டி என்றொரு வீட்டுக் கலவையும் புழக்கத்தில் உண்டு. சில நிமிடங்களில் துரு ஏறும். ஆனால் துரு முரடாக இருக்கும், உப்பின் குளோரைடு பின்னால் குழி விழச் செய்யலாம். கருவியில் பழக அது போதும்.

பஞ்சைக் கரைசலில் நனைத்துப் பிழிந்து, ஒரே இழுப்பில், ஈரம் பட்டும் படாமலும் பூச வேண்டும். வழிந்தால் செம்புநிறக் கோடுகள் விழும். பூசிய இடத்தையே திரும்பப் பூசினாலும் திட்டாகும். பிறகு 30 டிகிரியில், 70-80 சதவீத ஈரப்பதமுள்ள பெட்டியில் 3 முதல் 12 மணி நேரம் தொங்கவிட வேண்டும். கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் பெட்டியே தேவைப்படாது. அமில ஆவி பக்கத்திலுள்ள லேத்தையும் அளவுகோல்களையும் துருவேற்றும் என்பதால் பட்டறைக்கு வெளியே செய்யுங்கள். மேலே மெல்லிய ஆரஞ்சுப் பொடி வெல்வெட்போல் சீராகப் படர்ந்ததும் எடுத்துவிட வேண்டும். பேராசைப்பட்டு விட்டுவைத்தால் உலோகம் குழிவிழும்.

15 நிமிடம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் காய்ச்சி வடித்ததாக இருக்கட்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். உப்புத்தண்ணீர் வெள்ளைப் புள்ளிகளை விட்டுப்போகும். வெளியே எடுத்ததும் துரு கரிப்பொடியாகத் தெரியும். நான்கு சுழி (0000) எண்ணுள்ள ஸ்டீல் வுல்லால், அதாவது மிக மெல்லிய எஃகு இழைப் பஞ்சால், லேசாகத் தேய்த்தால் ஒட்டாத பொடி உதிர்ந்து, அடியில் வெளிர்சாம்பல் தெரியும். ஸ்டீல் வுல் எண்ணெய் தடவியே விற்பனைக்கு வருகிறது. அசிட்டோனில் அலசாமல் தொட்டால் அடுத்த சுற்று முழுவதும் திட்டுத்திட்டாகும். பலர் பழியைக் கரைசல்மேல் போடுவது இங்கேதான்.

முதல் சுற்று எப்போதுமே கண்றாவியாகத்தான் இருக்கும். நான்காம் ஐந்தாம் சுற்றில் கருமை கூடும். 6 முதல் 8 சுற்றில் புதுத்துரு பிடிப்பதே அரிதாகும். அப்போது நிறுத்திவிடலாம். குரோமியம், நிக்கல் மிகுந்த எஃகு கூடுதல் சுற்று கேட்கும்; துருப்பிடிக்காத எஃகில் இந்த வேலை நடக்காது.

கடைசியாகச் சமையல் சோடா கலந்த நீரில் ஒருமுறை கொதிக்கவிட்டு, சுத்தநீரில் அலசி, சூடு ஆறுமுன் எண்ணெயில் ஊறவிடுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் மறுநாளே எண்ணெய்க்கு அடியில் பழுப்பு எட்டிப்பார்க்கும். சில மைக்ரான் தடிமனே உள்ள இந்தப் படலம் தானாகத் துருவைத் தடுப்பதில்லை. அதன் நுண்துளைகளில் தங்கும் எண்ணெய்தான் தடுக்கிறது. பின்னால் எங்காவது செந்துரு தலைகாட்டினால் எண்ணெயும் மென்மையான ஸ்டீல் வுல்லும் போதும். கடையில் விற்கும் அமிலத் துருநீக்கிக்குச் செந்துருவும் மேக்னடைட்டும் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்தே கரைத்துவிடும்.