லேத்தின் எடையைக் கேளுங்கள்

“படகு ஷாப்டுக்கு புஷ் கடைய வேண்டும். வீட்டுக் கராஜுக்கு எந்தச் சின்ன லேத் நல்லது?” உப்புவெளியிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. ஷாப்டு என்னும் சுழல்தண்டைத் தாங்கும் குழல்தான் புஷ். லேத் அதைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்.

விற்பவர் முதலில் சொல்வது சுழலக்கூடிய விட்டத்தை. 180 மில்லிமீற்றர் என்றால் அது பெட்டுக்கு, அதாவது லேத்தின் அடித்தளத் தண்டவாளத்துக்கு, மேலே. வெட்டும் டூலைச் சுமந்து நகரும் குறுக்குச் சறுக்கிக்கு மேலே சுமார் 110 தான். அந்த ரக லேத் 40 கிலோ அளவில் இருக்கும். கேட்க வேண்டியது இந்த எடையைத்தான்.

ஏன்? கடையும்போது இரும்பில் ஒரு கடினப் புள்ளி தட்டினால் டூல் மயிரிழை பின்வாங்கித் திரும்பும். மேற்பரப்பில் மெல்லிய அலை பதியும். கம்பியைப் பிடித்துச் சுழற்றும் சக் ஒரு சுற்று முடித்ததும் டூல் சந்திப்பது அந்த அலையைத்தான். மேட்டில் சீவல் தடிக்கும், விசை கூடும், டூல் வளையும், பள்ளத்தில் நிமிரும். அப்போது தன் பங்குக்குப் புதிய அலையொன்றை வரையும். பழைய அலையும் புதியதும் அச்சொட்டாய்ப் பொருந்தினால் சீவலின் தடிப்பு மாறாது, ஆட்டமும் வளராது. முன்பின்னாக விலகினால்தான் வினை: போன சுற்று இந்தச் சுற்றை ஊஞ்சல்போல உந்தும். காதைக் கிழிக்கும் அந்தக் கிறீச்சொலி இதுவே. வேகத்தைச் சற்று மாற்றியதும் சத்தம் அடங்குவதும் இதனால்தான். அலைகளின் பொருத்தம் மாறிவிடுகிறது. என்ன அழகான கணக்கு!

வளையாத உடம்பில் இந்த ஆட்டம் தொடங்கவே சிரமப்படும். தடித்த வார்ப்பிரும்பு விறைப்பாக நிற்கும். அதிலுள்ள கிராபைட் செதில்கள் அதிர்வையும் விழுங்கும். ஆனால் கனமான லேத்தும் கவனக்குறைவைக் காப்பாற்றாது. சக்கிலிருந்து கம்பி இருமடங்கு நீண்டால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். விட்டத்தின் மூன்று மடங்குக்கு மேல் நீட்டினால் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கட்டாயம்.

அடுத்தது மோட்டார். ஷாப்டுத் துருவேறா எஃகை நிமிடத்துக்கு 15 மீற்றர் வேகத்தில் கடைவதானால், 25 மில்லிமீற்றர் கம்பிக்கு 190 சுற்று, 100 மில்லிமீற்றருக்கு 48 சுற்று. திருகுக் குமிழால் மட்டும் வேகம் குறைக்கும் 550 வாட் மோட்டார் 2500 சுற்றில் தரும் பலத்தை 250 சுற்றில் தராது. 55 வாட் அளவே மிஞ்சும். பெல்ட் அல்லது கியர் மாற்றி வேகம் குறைக்கும் லேத்தை எடுங்கள். பயந்து பயந்து சீவினாலும் இந்த எஃகு உராய்ந்து இறுகிவிடும்.

பெட் முறுகாமல் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, 25 மில்லிமீற்றர் கம்பியைச் சக்கிலிருந்து 150 வெளியே விட்டு, இந்தச் சோதனைக்கு மட்டும் டெயில்ஸ்டாக் இல்லாமல், இரு முனையிலும் ஒரே அமைப்பில் மெல்லிய சீவல் எடுத்து மைக்ரோமீற்றரால் அளக்கவும். வித்தியாசம் தெரிந்தால் கால் போல்ட்டின் கீழ் தகடு வையுங்கள்.

ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்து பெட்டின்மேல் நீராய் நிற்கும். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசுங்கள். பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும், பருத்தித் துணி போதும். கண்ணூறு கழியச் சக்கில் எலுமிச்சம்பழம் குத்துகிறார்கள். அதன் புளிப்பு கழிப்பது பெட்டின் மினுக்கத்தைத்தான். ஆயுத பூசைச் சந்தனத்தையும் சுவரில் வையுங்கள்.