நெட் இல்லாமல் போனிலிருந்து போனுக்கு: குயிக் ஷேர் ஏன் இத்தனை அனுமதி கேட்கிறது?

ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு கல்யாண வீடியோவை வாட்ஸப்பில் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த வீடியோ எங்கோ இருக்கும் சர்வருக்கு ஏறி மறுபடி இறங்கி வருகிறது, இரண்டு பேர் டேட்டாவும் செலவாகிறது, போதாததற்குப் படத்தின் தரமும் குறைந்துபோகிறது. இத்தனைக்கும் ஆண்ட்ராய்டில் குயிக் ஷேர், ஐபோனில் ஏர்டிராப் என்று நேரடியாக அனுப்பும் வசதி போனோடே வருகிறது. 2020 ஜூனில் இந்தியாவில் 59 செயலிகள் தடை செய்யப்பட்டபோது ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் போய்விட்டன. அவற்றுக்கு மாற்றாக விளம்பரம் கொட்டும் வேறொரு செயலியைத் தேடி இறக்க வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் குயிக் ஷேரைத் திறந்ததும் புளூடூத்தைப் போடு, வைஃபையைப் போடு என்கிறது, பல போன்களில் லொகேஷனும் கேட்கிறது. ஒரு போட்டோ அனுப்ப இதெல்லாம் எதற்கு என்று பயந்து அங்கேயே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது.

புளூடூத்தின் முக்கியமான வேலை பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது. மின்சாரம் குறைவாகச் செலவாகும் வகைப் புளூடூத்தில், மூன்று சேனல்களில் மாறி மாறி ஒரு குட்டி அறிவிப்பு போகும், அதன் அடிப்படை வடிவத்தில் 31 பைட்தான் கொள்ளும். "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல அது போதும், பேட்டரியும் தாங்கும். பழைய போன்களில் கோப்பையே புளூடூத்தில்தான் அனுப்பினோம். அது நடைமுறையில் விநாடிக்கு 2 மெகாபிட் அளவுக்குத்தான் போகும், அந்த வேகத்தில் 1 ஜிபி அனுப்ப ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

அதனால் ஆளைக் கண்டுபிடித்ததும் வேலை வைஃபைக்கு மாறுகிறது. வீட்டு ரவுட்டர் இதற்குத் தேவையே இல்லை. இரண்டு போன்களில் ஒன்று தானே ரவுட்டர் போல மாறி, மற்றதற்கு ஐபி முகவரி கொடுத்து இணைத்துக்கொள்ளும். 2010இல் வந்த வைஃபை டைரக்ட் முறையில், யார் ரவுட்டர் ஆவது என்று இரண்டு போன்களும் 0 முதல் 15 வரை ஒரு எண்ணைச் சொல்லிப் பேசி முடிவு செய்கின்றன, பெரிய எண் சொன்ன போன் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். இங்கே விநாடிக்கு 200 மெகாபிட் கிடைத்தாலே அதே 1 ஜிபி சுமார் 40 விநாடியில் முடிந்துவிடும்.

சரி, லொகேஷன்? கோப்பு அனுப்ப அது தேவையில்லை. ஆனால் சுற்றியுள்ள வைஃபைகளின் பட்டியலை ஒரு செயலி பார்த்தாலே நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்று கணித்துவிடலாம். அதனால்தான் ஆண்ட்ராய்டு அந்தப் பட்டியலை லொகேஷன் அனுமதியோடு கட்டிவைத்தது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13இலிருந்து, பக்கத்துச் சாதனங்களுக்கென்று தனி அனுமதி வந்துவிட்டது.

அனுப்பும்போது இரண்டு திரையிலும் ஒரு பின் நம்பர் (PIN) வந்தால் இரண்டும் ஒன்றுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், அவசரத்தில் தட்டிவிடாதீர்கள். இரண்டு போன்களும் ஆளுக்கொரு எண்ணைப் பரிமாறி, வெளியே சொல்லாமலே ஒரு பொது ரகசியத்தைக் கணக்கிடுகின்றன, அந்தப் பின் நம்பர் அதிலிருந்து வருவது. நடுவில் மூன்றாவது ஆள் புகுந்திருந்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு ரகசியம் உருவாகும், பின் நம்பரும் பொருந்தாது. உங்கள் போன் யாருக்குத் தெரிய வேண்டும் என்ற அமைப்பில் எனக்குப் பிடித்தது 'தொடர்புகள்'தான். தெரியாதவரிடமிருந்து வாங்க வேண்டியிருந்தால் மட்டும் 'எல்லோரும்' என்று மாற்றுங்கள், அதையும் 10 நிமிடத்துக்கு மட்டும் என்று வையுங்கள்.

வேகம் படுத்துவிட்டால், போன் ஏற்கெனவே ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் (5 கிகாஹெர்ட்ஸைவிட வேகம் குறைவு) இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் ஒரே ரேடியோதான் இரண்டு இணைப்பையும் சமாளிக்கிறது, ரவுட்டரிலிருந்து துண்டித்தால் நேர் இணைப்பு 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போக வழி கிடைக்கும்.

ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் இடையே என்றால் நான் சொல்வது லோக்கல்சென்ட் என்ற செயலி. இலவசம், திறந்த மூலம், இரண்டு போனும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். கல்லூரி, ஹோட்டல் வைஃபையில் ஒரு சாதனம் இன்னொன்றைப் பார்க்க விடாமல் தடுத்திருப்பார்கள், அப்போது ஆண்ட்ராய்டு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு, ஐபோனை அதில் இணையுங்கள். அப்புறமும் பெயர் தெரியவில்லையா, ஐபோனில் லோக்கல் நெட்வொர்க் அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.