சிம்பா அப்பாவின் போன் நம்பர் உங்களிடம் இருக்கிறதா?

புரட்டாசி பிறந்ததும் எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் நாய் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பார்த்தோம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் பார்த்தோம், நடுவில் வந்த சின்ன மழைகளிலும் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: "நாய்க்குத்தான் நீச்சல் தெரியுமே டாக்டர்."

போன மழையில் வந்தது சிம்பா என்கிற எட்டு வயது லாப்ரடார். வீடு தரைத்தளம். வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தார்கள். காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைக்கிற அம்மாவால் அன்று சாயங்காலம் ரோட்டைத் தாண்டி வர முடியவில்லை. பின்பக்கம், துணி துவைக்கிற இடத்தில், கம்பி கிரில்லுக்கு உள்ளே, செயினில் நாய். ராத்திரி தண்ணீர் ஏறியது. திருச்சியிலிருந்து செக்யூரிட்டிக்குப் போன் மேல் போன். அவரிடம் சாவி இல்லை. அதே குடியிருப்பில் தினமும் காலை ஆறு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் நாய்களோடு கீழே கூடிப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். இந்த நாயோடு இரண்டு வருடமாக நடக்கிறவர் இரண்டாவது மாடியிலேயே இருக்கிறார். ராத்திரி குரைப்புச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது, இடிக்குப் பயந்து குரைக்கிறது என்று நினைத்துவிட்டார். வீட்டுக்காரரின் போன் நம்பர் அவரிடம் கிடையாது, பெயர்கூடத் தெரியாது. 'சிம்பா அப்பா', அவ்வளவுதான். இவர் அவர்களுக்கு 'ப்ரூனோ அம்மா'.

விடிந்ததும் கிரில்லை அறுத்துத் தூக்கி வந்தார்கள். ஈறு வெளுத்திருந்தது, உடம்புச் சூடு 95 டிகிரி. நாய்க்கு 101, 102 இருக்க வேண்டும். இழுத்து இழுத்துக் கழுத்துப் பெல்ட்டுக்கு அடியில் தோல் உரிந்து சதை தெரிந்தது. கம்பளி, வெந்நீர்ப் பை, ட்ரிப்ஸ் என்று அன்றைக்குப் பிழைக்க வைத்தோம். எட்டாவது நாள் கண் மஞ்சளாகித் திரும்பி வந்தது. எலிக்காய்ச்சல். நாலு நாள் போராடினோம், போய்விட்டது. சிறுநீரகமே நின்றுவிட்டது.

நீந்தத் தெரிந்த நாய்தான் அது. லாப்ரடாரைவிட நன்றாக நீந்துகிற நாய் நம் ஊர் வீடுகளில் வேறு எது இருக்கிறது? செயினில் கட்டியிருந்தால் எங்கே நீந்தும்? நாலு சுவருக்குள் கரை ஏது, சுற்றிச் சுற்றி நீந்தி எவ்வளவு நேரம் தாங்கும்? அதோடு எல்லா நாய்க்கும் நீச்சல் வராது. பக், புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்கள் மூச்சுக்கே திணறுகிறவை, முழங்கால் தண்ணீரிலேயே தவிக்கும். டாஷ்ஹண்டுக்குக் கால் குட்டை. இடுப்பு மூட்டு தேய்ந்த கிழட்டு நாயால் எழுந்து நிற்பதே கஷ்டம். இதெல்லாம் தாண்டி நீந்தியே கரை சேர்ந்தாலும் அது குடித்தது, புண்ணில் பட்டது எல்லாம் எலி மூத்திரம் கலந்த சாக்கடைத் தண்ணீர். நோய் ஒரு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும், அதற்குள் மழையை எல்லோரும் மறந்திருப்பார்கள். சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் உடனே வாருங்கள், கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். அந்த நாயின் சிறுநீரை வெறும் கையால் துடைக்காதீர்கள், உங்களுக்கும் தொற்றும். வெள்ள முகாமில் உங்களுக்குக் கொடுத்த டாக்சிசைக்ளின் மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குப் போடுவதையும், காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாராசிட்டமால் கொடுப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நாளைக் காலை கீழே இறங்கும்போது பெயர், வீட்டு நம்பர், போன் நம்பர் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வருடம் சேர்ந்து நடந்தவரிடம் கேட்பதில் கூச்சம் எதற்கு? நம்பிக்கையான ஒருவரிடம் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்து வையுங்கள், மேல்மாடிக்காரர் என்றால் இன்னும் நல்லது. கொடுத்தால் மட்டும் போதாது. கீழே உங்கள் நண்பரின் கையை நக்குகிற நாய், நீங்கள் இல்லாதபோது அவர் கதவைத் திறந்தால் அதே நாயாக இருக்காது. அது அதன் வீடு, அங்கே காவல் காக்கும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியே போய்விட்டு அவரைத் தனியாக உள்ளே போகச் சொல்லுங்கள். பிஸ்கட்டோடு போகட்டும், நாயைக் கட்டி வெளியே கூட்டி வரட்டும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள். வாய்மூடியும் இப்போதே பழக்குங்கள். வலியிலும் பயத்திலும் எவ்வளவு சாதுவான நாயும் கடிக்கும், என் கையில் இருக்கிற தழும்புகள் பாதி அப்படி வந்தவை. படகில் வருகிற மீட்பு ஆட்களுக்கு உங்கள் நாயைத் தெரியாது, வாய்மூடி போட்டுக் குட்டைக் கயிற்றில் பிடித்திருந்தால் ஏற்றிக்கொள்ளத் தயங்க மாட்டார்கள்.

கரண்ட் போனால் லிஃப்ட் கிடையாது. முப்பது கிலோ நாயை முரட்டு பெட்ஷீட்டில் படுக்க வைத்து இரண்டு பேர் படியில் இறக்கிவிடலாம், ஒருவரால் முடியாது. தடுப்பூசி அட்டை, நாயோடு நீங்கள் நிற்கிற போட்டோ, ஒரு வாரத் தீவனம், வலிப்பு மருந்து சாப்பிடுகிற நாய் என்றால் அந்த மாத்திரை, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்த மாத்திரை திடீரென்று நின்றால் வலிப்பு விடாமல் வரலாம்.

அசோசியேஷனிடம் மேல்மாடியில் நாய்களுக்கு ஒரு மூலை இப்போதே கேட்டு வையுங்கள். விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதலில் நாய் வளர்ப்பதைத் தடுக்க அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லை என்று இருப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் ஏறுகிற ராத்திரியில் அந்தக் காகிதத்தைக் காட்டிச் சண்டை போட முடியாது. வருடம் முழுக்க நாய் போனதை எடுத்துச் சுத்தம் செய்கிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறப்பார்.

வெளியூர் போகும்போது மழை எச்சரிக்கை இருந்தால் செயினைக் கழற்றிவிட்டுப் போங்கள். இதைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்புறம் எலிக்காய்ச்சல் ஊசி. வருடம் ஒரு தடவை போட வேண்டும். இடையில் விட்டுப்போயிருந்தால் மூன்று நாலு வாரம் விட்டு இரண்டு ஊசி. சிம்பாவுக்கு இரண்டு வருடமாகப் போடவில்லை. மழைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, இந்த வாரமே அழைத்து வாருங்கள்.