அடைப்பு இல்லையென்றால் இதயத்தில் கோளாறே வராதா?

டெங்கியோ இன்ஃபுளுவென்சாவோ கண்டு வார்டில் சேர்க்கப்படும் நோயாளிகள், காய்ச்சல் இறங்கிய மறுநாளே துடிப்பைக் கண்காணிக்க நெஞ்சில் ஒட்டியிருக்கும் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு, சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டு வீட்டுக்குக் கிளம்புவது, மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டப்புற மக்களுக்குச் சிகிச்சையளிக்கும் எனக்கு அலுத்துப்போன காட்சி. அண்மையில் அப்படிக் கிளம்பிய ஒருவர் வீட்டில் மயங்கி விழுந்து, நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டிய தாறுமாறான துடிப்போடு திரும்பக் கொண்டுவரப்பட்டார். அவருடைய மனைவி கேட்ட கேள்வி இதுதான்: “ஆஞ்சியோகிராம் எடுத்தப்ப அடைப்பு இல்லன்னு சொன்னாங்களே டாக்டர், அப்புறம் எப்படி?”

இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் தீரவில்லை. ஆஞ்சியோகிராம் காட்டுவது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களை மட்டுமே. துடிப்பின் ஒழுங்கை நடத்துவது, வலது மேலறையில் பிறந்து தசையெங்கும் பரவும் மின்தூண்டல். குழாயில் அடைப்பில்லை என்பதற்காக மோட்டாருக்குப் போகும் மின்கம்பியும் பழுதில்லாமல் இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை. இதயத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்கிறோம். நாளங்கள் முற்றிலும் சுத்தமாக இருக்கும் இருபது வயது இளைஞருக்கும் வைரஸ் தொற்றினால் இதயத் தசை அழற்சி ஏற்பட்டுத் துடிப்பு தடம் மாறலாம்.

கடுமையான தொற்றின்போது ஆக்சிஜன் குறைவு, அழற்சி, வாந்தி பேதியால் இறங்கும் பொட்டாசியம் ஆகியவை ஒன்றுசேர்ந்து துடிப்பைக் குலைக்கின்றன. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட கோவிட் நோயாளிகளிடம் மேலறை நடுக்கம், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி வேகமாகத் துடிப்பது, அடிக்கடி காணப்பட்டது. அது நீடித்தால் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரை போகலாம். டெங்கியிலோ, காய்ச்சல் விட்டபின் துடிப்பு 60-க்கும் கீழே இறங்குவதுண்டு. பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும் என்றாலும், அதை உறுதிசெய்ய, இதயத்தின் மின்தூண்டலைப் பதிவுசெய்யும் ஈசிஜி வேண்டும், பக்கத்துப் படுக்கைக்காரரின் அனுபவம் போதாது. (குளிரில் உடல் நடுங்கினாலேகூட மானிட்டர் திரையில் கோடு அலங்கோலமாகத் தெரியும். அதைப் பார்த்து உறவினர்கள் அலறுவதும், உண்மையான அபாய ஒலி கேட்கும்போது அமைதியாக இருப்பதும் எங்களுக்குப் பழகிவிட்டது.)

மருந்துகளும் காரணமாகலாம். 2020-இல் கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் தரப்பட்ட நாட்களில் ஈசிஜி வற்புறுத்தப்பட்டதற்குக் காரணம், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீளும் நேரத்தை அம்மருந்து நீட்டி, துடிப்பைத் தடம் மாற்றிவிடக்கூடும் என்பதே. அசித்ரோமைசினுக்கும், வாந்திக்குத் தரப்படும் சில மாத்திரைகளுக்கும் இதே குணம் உண்டு. எனவே போன தடவை மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை வார்டில் யாருக்கும் தெரியாமல் விழுங்காதீர்கள். வீட்டில் சாப்பிடும் மாத்திரைகள், பப்பாளி இலைச் சாறு உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், திட்டமாட்டோம்.

வீட்டுக்குப் போனபின் படபடப்பு வந்தால் வாயு என்று முடிவுகட்டி ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஓய்வாக இருக்கும்போதே 100-க்கு மேல் நீடித்தாலோ, ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு அடித்தாலோ அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள். துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது வீட்டு இரத்த அழுத்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து அழைத்து வராமல் 999-ஐ அழையுங்கள்.

இதயத் தசை அழற்சி என்று உறுதியானவர்கள் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை கடும் உழைப்பைத் தவிர்க்க வேண்டும். செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுவது கடும் உழைப்பேயன்றி வேறில்லை. வெட்டிய குலை எத்தனை டன் என்பதைப் பொறுத்துக் கூலி வாங்குவோருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பது தெரிந்தே சொல்கிறேன். எம்சி (மருத்துவ விடுப்பு) முடியும் முன்பே அரிவாளைத் தூக்காமல், இலகுவான வேலைக்குப் பரிந்துரைக்கும் கடிதத்தை மருத்துவரிடம் கேளுங்கள், எழுதித் தருவோம்.