கரைக்குப் பின்னால் பொங்கும் மணல்

வாசகர் ஒருவர் வெள்ளக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஆறு கரையின் விளிம்பை ஒட்டி ஓடுகிறது. ஆனால் ஆட்கள் ஓடுவது ஆற்றை நோக்கி அல்ல. கரைக்கு இந்தப் பக்கம், ஊர் இருக்கும் பக்கத்தில், தரையில் ஓரிடத்தில் தண்ணீர் குபுகுபுவென்று பொங்குகிறது. அதைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குகிறார்கள். பொங்கும் இடத்தின் மேல் ஒரு மூட்டைகூட வைக்கவில்லை. உள்ளே தண்ணீர் இடுப்பளவு நிரம்பியதும், ஒரு பக்கம் வழிந்தோட வாய் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார்கள். "ஓட்டையை அடைக்காமல் அதற்குத் தொட்டி கட்டிக்கொடுக்கிறார்களே, இது என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார்.

மிகச் சரியான வேலை. வெள்ளக் காலத்தில் கரைமேல் நிற்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

முதலில் தெரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே எங்கோ மழை கொட்டுகிறது, மண் குடிக்கும் அளவு குடித்துவிட்டு மீதியை ஓடைக்கு விடுகிறது, ஓடைகள் ஆற்றில் சேர்கின்றன. மழை நின்ற பிறகும் கீழே உள்ள ஊர்களில் நீர்மட்டம் ஏறுவது இதனால்தான். உச்ச வெள்ளம் ஓர் அலையாக நகர்ந்து வருகிறது, பெரிய ஆறுகளில் அது ஊர்களைக் கடக்கப் பல நாட்கள் ஆகும். பாலத் தூணில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்த்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு அடி இருக்கு" என்று மக்கள் கணக்குப் போடுவது இயல்பு. தண்ணீர் கரைக்கு மேலே வழிந்தால் ஆபத்து, வழியாதவரை பயமில்லை என்பது அந்தக் கணக்கு.

பாதிதான் சரி. வழிந்து உடையும் கரைகள் உண்டு. வளைவில் நீரோட்டம் மோதி அரித்துச் சரிக்கும் கரைகளும், ஊறிப்போய்த் தானாகவே வழுக்கி விழும் கரைகளும் உண்டு. இவை மூன்றும் கண்ணுக்குத் தெரியும். நான்காவது, கரைக்கு அடியில் நடப்பது. மேல்விளிம்புக்கு இன்னும் பல அடி மிச்சம் இருக்கும்போதே கரையை அது கவிழ்த்துவிடும். 2005-இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரில் லண்டன் அவென்யூ கால்வாயின் வெள்ளச் சுவர் உடைந்தது அப்படித்தான். தண்ணீர் சுவருக்கு மேலே வரவே இல்லை. சுவருக்கு அடியில் கிடந்த பழைய கடற்கரை மணல் வழியாகப் போனது.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, கரை எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சமவெளியில் எந்த ஆறும் ஒரே தடத்தில் ஓடியதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படியும் அப்படியும் நகர்ந்து, போன இடமெல்லாம் மணலைக் கொட்டியிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு வெள்ளமும் வடியும்போது மெல்லிய வண்டலையும் களியையும் அதன்மேல் படியவிட்டிருக்கிறது. ஆக, மேலே ஓரிரு மீட்டர் களிமண் தோல், அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு மணல். நாம் கரை கட்டுவது இந்தத் தோலின் மேல். ஆற்றின் படுகையோ தோலைக் கிழித்துக்கொண்டு மணலுக்குள்ளேயே இறங்கிக் கிடக்கிறது. அதனால் ஆற்றில் மட்டம் ஏறினால், அந்த அழுத்தம் மணல் வழியாகக் கரைக்கு அடியில் புகுந்து ஊர்ப்பக்கத் தரைக்குக் கீழே வந்து நிற்கும். நடுவில் எவ்வளவு உயரமான கரை இருந்தாலும் அதைத் தடுக்காது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஊர்ப்பக்கம் களித்தோல் 2 மீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஊறிய களி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.9 டன் எடை. எனவே ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பையும் 3.8 டன் கீழ்நோக்கி அழுத்துகிறது. நிலத்தடி நீர் தரைமட்டம்வரை இருந்தால் அது கீழிருந்து 2 டன் மேலே தள்ளும். மிச்சம் 1.8 டன், தரையைப் பிடித்து வைத்திருப்பது இவ்வளவுதான். இப்போது வெள்ளம் வருகிறது, ஆற்று மட்டம் ஊர்த் தரையைவிட 4 மீட்டர் உயர்கிறது. மணலைக் கடந்து வருவதற்குள் அதில் பாதி வீணாகிவிட்டது என்றே வைப்போம். மீதி 2 மீட்டர் உயரத்தின் அழுத்தம், அதாவது கூடுதலாக 2 டன், தோலைக் கீழிருந்து முட்டுகிறது. கையிருப்போ 1.8 டன். தரை தூக்கிக்கொள்கிறது. கரையோரம் நடந்தால் காலடியில் மெத்தென்று அசையும்.

அப்புறம் எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொள்ளும். செத்துப்போன மரத்தின் வேர் விட்டுப்போன துளை, பிடுங்கிய கம்பத்தின் குழி, கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறு, எலி வளை, யாரோ வெட்டிய வாய்க்கால், எதுவானாலும் போதும். அங்கே தண்ணீர் பீறிடும்.

இனி வருவதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத பகுதி. மணற்துகள் தண்ணீரைவிட 2.65 மடங்கு கனம். மணல் படுக்கையில் ஏறக்குறைய 40 சதவீதம் வெற்றிடம். மிதப்பு விசையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், தண்ணீருக்குள் கிடக்கும் ஒரு கன மீட்டர் மணலின் நிகர எடை கிட்டத்தட்ட ஒரு டன், அதாவது அதே கொள்ளளவு தண்ணீரின் எடைக்குச் சமம். எனவே, மணலினூடே மேலே ஏறும் நீர் ஒரு மீட்டர் ஏறுவதற்குள் ஒரு மீட்டர் நீர்மட்டத்துக்குரிய அழுத்தத்தை இழந்தால், அந்த இழப்பு முழுவதும் துகள்களைத் தூக்கும் விசையாக மாறி, அவற்றின் எடையைச் சரியாக ரத்து செய்துவிடுகிறது. துகள்மேல் துகள் அழுத்தாது. கல்போல் கால் வைத்து நின்ற மணல் அந்தக் கணத்தில் திரவமாகிவிடும். மண் இயக்கவியலின் தந்தை எனப்படும் கார்ல் டெர்சாகி 1920-களில் இந்த எல்லையைக் கணக்கிட்டுக் காட்டினார். இயற்கை மணலின் அடர்த்தியும் சராசரி வெற்றிடமும் சேர்ந்து அந்த எல்லையை அநேகமாக 1 என்ற எண்ணில் கொண்டுவந்து நிறுத்துவது வெறும் தற்செயல்தான், ஆனாலும் அழகான தற்செயல்.

நேரில் பார்த்தால் இது ஒரு குட்டி எரிமலை மாதிரி இருக்கும். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய். அதற்குள் மணற்துகள்கள் ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருக்கும். விளிம்பைத் தாண்டி வரும் துகள்கள் சுற்றிலும் படிந்து கூம்பாக வளரும். அந்தக் கூம்பில் உள்ள மணல் அத்தனையும் கரைக்கு அடியிலிருந்து வந்தது. அப்படியானால் அங்கே காலியிடம் உருவாகிக்கொண்டிருக்கிறது.

அந்தக் காலியிடம் வளரும் விதம் வினோதமானது. ஊர்ப்பக்க வாயிலிருந்து தொடங்கி, ஆற்றை நோக்கிப் பின்னோக்கி நகர்கிறது. களித்தோல் கூரையாக நிற்கிறது, கூரைக்கு அடியில் சில மில்லிமீட்டர் உயரமே உள்ள ஒரு சந்து. சந்தின் நுனியில் நீரோட்டம் வந்து குவிவதால் துகள்கள் ஒவ்வொன்றாகக் கழன்று, சந்து வழியாக உருண்டு, வாயில் வெளியேறுகின்றன. நுனி ஒரு துகள் அளவு ஆற்றுக்கு அருகில் போகிறது. தொடக்கத்தில் இது தானாகவே நின்றுவிடவும் கூடும். கரையின் அடி அகலத்தில் பாதித் தொலைவை நெருங்கிவிட்டால் கதை மாறும். மீதித் தொலைவு குறையக் குறைய அரிப்பு வேகமெடுக்கும். நுனி ஆற்றைத் தொட்டதும் ஆறு நேராகவே உள்ளே பாயும், சந்து குழாயாகும், குழாய் குகையாகும், மேலே நின்ற கரை உள்ளே அமர்ந்து உடையும். பல மணி நேரமோ பல நாட்களோ மெதுவாக நடந்தது கடைசியில் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும்.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். வாயை மேலே மூட்டை போட்டு அடைத்தால் என்ன ஆகும்? அடியில் உள்ள அழுத்தம் அப்படியே இருக்கும். அது பத்தடி தள்ளி இன்னொரு இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். நம் கண்ணில் படாத இடத்தில், கரைக்கு இன்னும் அருகில் வந்தாலும் வரும். சுற்றி வட்டம் கட்டினால் உள்ளே நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்கிறது. ஆற்று மட்டத்துக்கும் வாய்க்கும் இடையே இருந்த 4 மீட்டர் வித்தியாசம் 3 ஆகிறது. ஓட்டத்தின் வேகம் அதே விகிதத்தில் குறைகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி தார்சி 1856-இல் மணல் நிரப்பிய குழாயில் சோதித்துச் சொன்ன விதி இதுதான். வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனதும் தண்ணீரால் மணலைச் சுமக்க முடியாது. தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் தெளிவாக வரும். நாம் தடுக்க வேண்டியது மணலை, தண்ணீர் வரட்டும். எனவேதான் நீர் தெளியும் உயரத்தோடு வட்டத்தை நிறுத்திக்கொண்டு, வழிய வாய் விடுகிறார்கள். தேவைக்கு மேல் உயர்த்தினால் அடைத்ததற்குச் சமமாகி, வேறெங்கோ பீறிடும்.

இதே காரணத்தால், ஊர்ப்பக்கம் கரையடியில் தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது சில நேரம் ஆபத்து. தேங்கிய நீர் எதிர் எடையாக இருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் மட்ட வித்தியாசத்தை நாமே கூட்டுகிறோம்.

இந்த அறிவு வளர்ந்ததில் நம் துணைக்கண்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அது போதிய அளவு பேசப்படுவதில்லை. கங்கையின் குறுக்கே மணல் படுகைமேல் கட்டிய நரோரா அணைக்கட்டு 1898-இல் உடைந்தது. இப்படிப்பட்ட சேதங்களிலிருந்து கற்றுக்கொண்டு, பிளை என்ற பொறியாளர் 1910-இல் ஒரு எளிய விதி தந்தார். கட்டடத்தின் அடியை ஒட்டித் தண்ணீர் ஊர்ந்து வரும் பாதை போதிய நீளம் இருக்க வேண்டும்; நுண்மணல் என்றால் ஒரு மீட்டர் மட்ட வித்தியாசத்துக்கு 15 மீட்டர் பாதை. பிறகு பஞ்சாபில் மேல் செனாப் கால்வாயின் கட்டுமானங்களுக்கு அடியில் குழாய் இறக்கி அழுத்தத்தை அளந்த ஏ.என். கோஸ்லா, பிளையின் கணக்கு பொருந்தவில்லை என்று கண்டார். பாதையின் மொத்த நீளத்தைவிட, தண்ணீர் வெளியே வரும் அந்தக் கடைசி இடத்தில் அழுத்தம் எவ்வளவு சடுதியாகக் குறைகிறது என்பதுதான் முக்கியம் என்று போஸ், டெய்லர் ஆகியோருடன் சேர்ந்து 1936-இல் வெளியிட்டார். நுண்மணலில் ஒரு மீட்டர் பாதைக்கு இழக்கும் நீர்மட்டம் ஒரு மீட்டரில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அவருடைய வரம்பு. டெர்சாகியின் 1 என்ற எல்லைக்கு அது எவ்வளவு கீழே இருக்கிறது பாருங்கள். மண்ணுக்கடியில் நாம் பார்க்காத ஓட்டைகளுக்காக விட்ட இடைவெளி அது. இந்தியத் தடுப்பணைகளின் வடிவமைப்பில் இன்றும் கோஸ்லாவின் முறை பயன்படுகிறது.

களத்தில் இது எவ்வளவு பெரிய முடிவுகளை எடுக்க வைக்கும் என்பதற்கு 2011 மிசிசிப்பி வெள்ளம் சாட்சி. ஒகையோ ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்தில் உள்ள கெய்ரோ நகரின் வெள்ளச் சுவர் 64 அடி மட்டத்துக்குக் கட்டப்பட்டது. மே 2 அன்று நீர்மட்டம் 61.7 அடி. அளவுகோலை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டடி மிச்சம். ஆனால் ஊர்ப்பக்கம் பெரிய பெரிய மணல் ஊற்றுகள் பொங்கிக்கொண்டிருந்தன. அன்று இரவே அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு எதிர்ப்பக்கத்தில் பேர்ட்ஸ் பாயின்ட் கரையை வெடிவைத்துத் திறந்து, சுமார் 1,30,000 ஏக்கர் நிலத்தில் வெள்ளத்தைப் பாயவிட்டது. நீர்மட்டமும் ஊற்றுகளும் சேர்ந்து எடுக்க வைத்த முடிவு அது. பயிரிட்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வலி என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. இருந்தாலும் நகருக்கு அடியில் மண் கரைந்துகொண்டிருந்தபோது வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒரே இடத்தில் கரை மறுபடி மறுபடி உடைந்தால், "அந்த இடத்துக்குச் சாபம்" என்று பேச்சு கிளம்பிவிடும். பரிகாரத்துக்குப் பணம் வசூலாகும். அங்கே உண்மையில் நடப்பது வேறு. முதல்முறை உடைந்தபோது பாய்ந்த வெள்ளம் கரைக்குப் பின்னால் ஆழமான குழியைத் தோண்டி, காவலாக இருந்த களித்தோலையே அள்ளிக்கொண்டு போய்விட்டது. மேலே கரையை மட்டும் திருப்பிக் கட்டினால், அடியில் மணல் வாயைத் திறந்துகொண்டுதான் இருக்கும். அந்தப் பரிகாரப் பணத்தில் குழியில் களி கொட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆராய்ச்சிக்கான பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் கரையை உயர்த்தப் பணம் ஒதுக்குகிறார்கள். உயர்ந்த கரை அதிக நீரைத் தாங்கும், அதனால் அடியில் அழுத்தமும் அதிகமாகும். அடியைக் கவனிக்காமல் மேலே உயர்த்துவது ஆபத்தையும் சேர்த்து உயர்த்துவதே. பழைய ஆற்றுத் தடங்கள் கரையை எங்கே குறுக்கே வெட்டுகின்றன என்று வரைபடம் போடுவதும், அங்கே அழுத்தமானிகளைப் புதைத்து வைப்பதும் கரையை உயர்த்தும் செலவில் சிறு பகுதிதான். நெதர்லாந்தில் 1995-இல் ஆற்று வெள்ளத்துக்கு அஞ்சி ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். 2009-இல் அந்த நாட்டு ஆய்வாளர்கள் முழு அளவில் கரைகளைக் கட்டி, அடியில் மணல் அரித்து உடையும்வரை தண்ணீர் நிரப்பிப் பார்த்தார்கள். உடைப்பதற்கென்றே ஒரு கரையைக் கட்டப் பணம் கொடுக்கும் அரசுகளைத்தான் நான் மதிக்கிறேன். ஆற்றங்கரையில் மக்கள் வாழும் எந்த நாட்டிலும் அது வீண் செலவு ஆகாது.

சரி, கரைமேல் நிற்பவர் என்ன செய்யலாம்? அளவுகோலைப் பார்ப்பவர் ஒருவர் போதும். மற்றவர்கள் ஊர்ப்பக்கம் கரையடியை ஒட்டி நடக்கட்டும். வாய்க்கால், பள்ளம், பழைய கிணறு, மரத்தடி ஆகிய இடங்களை முதலில் பார்க்க வேண்டும். குட்டைக்குள் ஊற்று இருந்தால் மேலே சுழிப்பும் கலங்கலும் மட்டும் தெரியும். தெளிந்த கசிவு என்றால் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்து, மணிக்கொரு முறை வந்து பார்த்தால் போதும். கலங்கி வந்தாலோ, சுற்றிலும் புது மணல் படிந்தாலோ, உடனே வெள்ளக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை யாரும் மேலே எதையும் போட்டு மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொங்கிக்கொண்டிருந்த கலங்கல் நீர் திடீரென நின்றுபோனால் நிம்மதி அடையக் கூடாது. உள்ளே சந்து இடிந்து தற்காலிகமாக அடைத்திருக்கலாம், கரை அமரத் தொடங்கியிருக்கலாம். அந்த இடத்தில் நிற்காமல் விலகிவிட வேண்டும்.

உச்ச மட்டம் கடந்துவிட்டது என்ற செய்தி வந்த பிறகும் காவல் தொடர வேண்டும். ஆறு வேகமாக இறங்கும்போது, ஊறிய கரையைத் தாங்கிப் பிடித்திருந்த நீர் விலகி, ஆற்றுப்பக்கச் சரிவு பிளந்து விழுவது உண்டு. தண்ணீர் முழுவதும் வடிந்ததும் மூட்டைகளை அகற்றுவார்கள், கூம்பு மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிடும். அதற்குள் அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, படம் எடுத்து, பொறியாளர் கையில் கொடுத்துவிட வேண்டும். சந்து அடியில் அப்படியே இருக்கலாம். அடுத்த வெள்ளத்தின் அரிப்பு, இந்த முறை நின்ற இடத்திலிருந்தே தொடங்கக்கூடும்.